மலையேறும் நாளில் உடலுக்குள் நடப்பவை

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி பிறந்ததும் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: "வெள்ளியங்கிரி ஏறலாமா, டாக்டர்?" இதயத்தில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்களும், சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், முழங்கால் தேய்ந்தவர்களும் இதைக் கேட்கின்றனர். பலர் வேண்டுதலை முடிவு செய்த பின்னரே வருகின்றனர். சிலர் கேட்காமலேயே சென்று விடுகின்றனர். மலைப்பாதையில் மாரடைப்பால் உயிரிழப்பு என்ற செய்தியும் பருவந்தோறும் நாளேடுகளில் வருகிறது. ஆகவே, அந்த ஒரு நாளில் உடலுக்குள் என்ன நிகழ்கிறது என்பதை நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் இங்கு விளக்க விரும்புகிறோம்.

பாதையின் இயல்பு

கோவைக்கு மேற்கே பூண்டி அடிவாரத்தில் தொடங்கும் இப்பாதை ஏழு மலைகளைக் கடந்து செல்கிறது. ஒரு வழித் தொலைவு சுமார் 6 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தத் தொலைவுக்குள் 1,000 மீட்டருக்கும் அதிகமான உயரம் ஏற வேண்டும். கற்படிகளும், ஒழுங்கற்ற பாறைகளும், வழுக்கும் சரிவுகளும் மாறி மாறி வருகின்றன. முதுகில் பையைச் சுமந்து ஏறி இறங்கப் பலருக்குப் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆகிறது. பெரும்பாலோர் இரவில் புறப்படுவதால் உறக்கமும் கெடுகிறது.

சமதளத்தில் நடக்கும்போது தேவைப்படுவதைவிட மிக அதிகமான ஆக்சிஜன், சுமையுடன் செங்குத்தாக ஏறுகையில் தசைகளுக்குத் தேவைப்படுகிறது. அதைக் கொண்டு சேர்க்க இதயம் விரைந்தும் வலுவாகவும் துடிக்கிறது; இரத்த அழுத்தம் உயர்கிறது. நலமான இதயம் இதைத் தாங்கும். இரத்தக்குழாயில் கொழுப்புப் படிவு உள்ள இதயத்தில், ஓய்வின்போது போதுமாக இருந்த இரத்த ஓட்டம் ஏற்றத்தில் போதாமல் போகிறது. சில வேளைகளில் அப்படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, குழாய் முழுவதுமாக அடைபடுகிறது. மாரடைப்பு என்பது இதுவே.

"மேலே ஆக்சிஜன் இல்லை" என்பது உண்மையா?

மூச்சு வாங்கும்போதெல்லாம் உயரத்தின் மேல் பழிபோடுவது வழக்கமாகிவிட்டது. உச்சியின் உயரம் கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் குறைவு. உயர்மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் ஏற்படுகிறது. எனவே இப்பாதையில் வரும் மூச்சிரைப்புக்குக் காரணம் பெரும்பாலும் உழைப்பே. சிறிது அமர்ந்தால் அது தணிய வேண்டும். அமர்ந்த பின்னும் தணியாத மூச்சிரைப்பை "மலைக்காற்று" என்று தள்ளிவிடக் கூடாது. அது இதயத்தின் அல்லது நுரையீரலின் முறையீடாக இருக்கலாம்.

கற்பூரத்தை முகர்ந்தால் மூச்சு எளிதாகும் என்ற நம்பிக்கையும் உண்டு. அது மூக்கினுள் குளிர்ச்சியான உணர்வைத் தருகிறதே தவிர, இரத்தத்தில் ஆக்சிஜனைக் கூட்டுவதில்லை. கற்பூரத்தை விழுங்கினால் வலிப்பு வரக்கூடும் என்பதால் குழந்தைகளின் கைக்கு அது எட்டக் கூடாது.

யார் ஏறக் கூடாது?

அண்மையில் மாரடைப்பு, இதய அறுவை சிகிச்சை, பக்கவாதம் ஆகியவற்றுக்கு ஆளானவர்கள், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், நடக்கையில் நெஞ்சு இறுக்கம் உணர்பவர்கள், இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், இதய வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள் ஆகியோர் இம்மலையைத் தவிர்க்க வேண்டும். இரண்டு மாடிகளை நில்லாமல் ஏற இயலாதவர் ஏழு மலைகளை எண்ணிப் பார்க்கவே கூடாது. அதே வேளையில், இரண்டு மாடி ஏற முடிவது ஒன்றே தகுதிச் சான்று ஆகிவிடாது. நாற்பது வயதைக் கடந்தவர்களும், புகைப்பவர்களும், இளவயதில் மாரடைப்பு வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர்களும் முன்னதாகப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

ஆண்டு முழுவதும் அமர்ந்தே பணிபுரிந்துவிட்டு ஒரே இரவில் ஏறுவதுதான் நாங்கள் அதிகம் அஞ்சும் நிலை. ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே நடையும் படியேற்றமும் பழக வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு

நீண்ட ஏற்றத்தில் தசைகள் சர்க்கரையை விரைவாக எடுத்துக்கொள்வதால், இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்குத் தாழ்சர்க்கரை ஏற்படலாம். வியர்வையும் படபடப்பும் அதன் அறிகுறிகள். மலையேறுபவர் எப்படியும் வியர்ப்பார் என்பதால் உடனிருப்பவர் அதைக் கவனிக்கத் தவறுகிறார். மெட்டோபுரோலால் போன்ற மருந்துகள் படபடப்பையும் மறைத்துவிடும். எனவே பேச்சில் குழப்பம், தேவையற்ற எரிச்சல், தள்ளாட்டம் ஆகியவற்றைக் கண்டால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊட்டாதீர்கள். இந்த அபாயம் மறுநாள் வரை நீடிக்கும். மருந்தின் அளவை அந்நாளுக்கு எவ்வாறு மாற்றுவது என்பதை உங்கள் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

காலணியின்றி ஏறும் வழக்கம் இவர்களுக்கு ஏற்றதன்று. பாதத்தில் உணர்ச்சி குன்றியவருக்குக் கல் கிழித்த புண் வலிக்காது. வீடு திரும்பிச் சில நாட்கள் கழித்துச் சீழ் பிடித்த பிறகே தெரியும். காலை இழக்கும் நிலைக்கு அது கொண்டு செல்லலாம்.

தண்ணீர், குளிர், இறக்கம்

தாகம் எடுக்கும் வரை காத்திராமல் சிறிது சிறிதாக நீர் அருந்துங்கள். வெறும் நீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடிப்பதும் தவறு. இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து மயக்கம் வரலாம். ஓ.ஆர்.எஸ். கரைசல், உப்பிட்ட மோர், வேர்க்கடலை, பேரீச்சை ஆகியவை உதவும். வலிக்கும் என்று முன்கூட்டியே டைக்குளோஃபினாக் போன்ற மாத்திரைகளை விழுங்காதீர்கள். நீர் வற்றிய உடலில் அவை சிறுநீரகத்தைத் தாக்கும்.

ஏழாம் மலைக்கு முன் ஆண்டிச்சுனையில் நீராடுவது மரபு. உடல் கொதித்திருக்கையில் கடுங்குளிர் நீரில் திடீரென மூழ்கினால் இரத்தக்குழாய்கள் சட்டெனச் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறும். இதய நோயாளிகள் நீரைத் தலையில் தெளித்துக்கொள்வதோடு நிறுத்துவது நலம். உச்சியில் காற்றும் குளிரும் மிகும். நனைந்த உடையை மாற்ற உலர்ந்த உடை பையில் இருக்கட்டும்.

இறங்குவது எளிது என்று எண்ண வேண்டாம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குவதால் தசையிழைகள் நுண்ணளவில் சிதைகின்றன. மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலி உச்சமடைவது இதனால்தான். மூங்கில் தடியை ஊன்றி, சிறு அடிகளாக வைத்தால் முழங்காலின் சுமை குறையும். சிறுநீர் கரும்பழுப்பு நிறத்தில் வெளியேறினால் அது சிதைந்த தசையின் அடையாளமாகலாம். உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

ஆபத்து நேர்ந்தால்

நெஞ்சில் அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர் வியர்வை, காரணமற்ற பெருஞ்சோர்வு ஆகியவற்றில் எது வந்தாலும் அங்கேயே அமருங்கள். "மெல்ல இறங்கிவிடலாம்" என்று நடக்காதீர்கள். ஒவ்வாமையோ இரத்தக்கசிவு நோயோ இல்லாதவர் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். உடனிருப்பவர் வனத்துறைப் பணியாளருக்கும் 108 எண்ணுக்கும் தகவல் தர வேண்டும். ஆனால் ஆம்புலன்ஸ் அடிவாரம் வரைதான் வரும். அதுவரை டோலியில் சுமந்தே இறக்க வேண்டும். நகரில் காப்பாற்றக்கூடிய மாரடைப்பு மலையில் உயிரைப் பறிப்பது இந்த இடைவெளியால்தான்.

ஒருவர் மயங்கி விழுந்து, மூச்சு இயல்பாக இல்லையென்றால், மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். உதவி வரும்வரை ஆள் மாற்றித் தொடருங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

வேண்டுதல் வைத்தவரிடம் "போகாதே" என்று மட்டும் சொன்னால் அவர் சொல்லாமல் புறப்படக்கூடும். மாறாக, அவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள். இசிஜி, எக்கோ, தேவையெனில் டிரெட்மில் பரிசோதனை செய்து பார்ப்போம். ஏறலாம் என்றால் எவ்வளவு, எப்படி என்பதைச் சொல்வோம். ஏறக் கூடாது என்றால், பூண்டி அடிவாரத்திலேயே வெள்ளியங்கிரி ஆண்டவர் கோயில் இருக்கிறது. அங்கு வழிபட்டு, ஏறுபவர்களை வழியனுப்பி வைக்கலாம். மருத்துவ அறிக்கைகளையும் மருந்துப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு, பயணத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே வாருங்கள். பயிற்சிக்கும் சிகிச்சைக்கும் அப்போதுதான் காலம் இருக்கும்.