உடனிருப்பவரின் சோர்வு

வாரம் மூன்று முறை தம் கணவரை டயாலிசிஸ் சிகிச்சைக்கு அழைத்து வருவார் அந்த அம்மையார். சிகிச்சை நடைபெறும் நான்கு மணி நேரமும் வெளியிலுள்ள நாற்காலியில் அமர்ந்திருப்பார். "உங்கள் உடம்பு எப்படியம்மா இருக்கிறது?" என்று ஒருநாள் கேட்டேன். "எனக்கென்ன டாக்டர், அலைச்சலும் கவலையும்தான். வேறு ஒன்றுமில்லை" என்றார். படியேறும்போது மூச்சு வாங்குவதையும் அவர் கவலையின் கணக்கிலேயே சேர்த்திருந்தார். கீழ் இமையை விலக்கிப் பார்த்தேன், வெளிறியிருந்தது. அவரது ஹீமோகுளோபின் அளவு 7.4 கிராம். பெண்களுக்கு அது 12 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

கவலை இல்லை என்று கூறவரவில்லை. அவருக்குக் கவலையும் இருந்தது, இரத்தச்சோகையும் இருந்தது. முன்னதைக் காரணமாக ஏற்றுக்கொண்டதால் பின்னதை எவரும் தேடவில்லை. நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினரிடம் இதை நான் அடிக்கடி காண்கிறேன். அவர்கள் களைத்துப்போவது இயல்புதானே என்று மருத்துவர்களாகிய நாங்களும் சில வேளைகளில் கேளாமல் விட்டுவிடுகிறோம்.

மன அழுத்தம் உடலைச் சோர்வடையச் செய்வது உண்மையே. நெருக்கடி நேரும்போது சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்டிசாலையும் சுரக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை கூடுகிறது. சில மணி நேர ஆபத்தைச் சமாளிக்க இந்த ஏற்பாடு மிகவும் உதவும். கார்டிசால் இயல்பாகக் காலையில் உயர்ந்து நள்ளிரவில் தாழ்ந்திருக்கும். கவலை மாதக்கணக்கில் நீடித்து, இரவில் பலமுறை விழிக்கவும் நேர்ந்தால் இந்த ஒழுங்கு குலைகிறது. படுத்தால் உறக்கம் வருவதில்லை. எழுந்தால் தெம்பு இருப்பதில்லை.

இத்தகைய சோர்வு, இரண்டு மூன்று இரவுகள் தடையின்றி உறங்கினால் பெரும்பாலும் குறையத் தொடங்கும். நன்கு ஓய்வெடுத்த பின்னும் இரண்டு வாரங்களுக்கு மேல் சோர்வு நீடித்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். குளிர் தாங்க முடியாமை, மலச்சிக்கல், முடி உதிர்தல், எடை கூடுதல் ஆகியவை உடனிருந்தால் தைராய்டு குறைபாடாக இருக்கலாம். அடிக்கடி தாகமும் சிறுநீரும் இருந்தால் சர்க்கரை நோயை எண்ண வேண்டும். உரத்த குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால், உறக்கத்தில் மூச்சு தடைப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வாமைக்கான சில மாத்திரைகளும் இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும்கூட அசதியைத் தரும். அவற்றைத் தாமாகவே நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் கூறுங்கள். தொடக்கத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு ஆகிய எளிய இரத்தப் பரிசோதனைகளே பல ஐயங்களைத் தீர்த்துவிடும்.

இன்னொன்றையும் வருத்தத்தோடு குறிப்பிட வேண்டும். கணவருக்கு மணி தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மனைவி, தமது சர்க்கரை மாத்திரை தீர்ந்து பத்து நாளாயிற்று என்பார். வேறெதையும் ஆராயுமுன் அதை வாங்கிவிடுங்கள்.

"ஓய்வெடுங்கள்" என்று எழுதிக் கொடுப்பது எளிது. இரவு இரண்டு மணிக்கு வார்டில் விளக்கு எரியும்போது அதை எவ்வாறு கடைப்பிடிப்பது? ஒருவரே தொடர்ந்து தங்காமல், தம்பியோ மருமகளோ உறவினரோ இரண்டு இரவுகளுக்கு ஒருமுறை மாறிக்கொள்வதே நான் கண்டவற்றுள் மிகுந்த பலன் தருவது. கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்போரிடம், "வியாழன் இரவு நீங்கள் தங்குங்கள்" என்று நாளைக் குறித்தே கூறுங்கள். காபியின் ஊக்கம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும். ஆகவே, பிற்பகலுக்குப் பின் அதைத் தவிர்க்கலாம். நோயாளி உண்ட மிச்சத்தை உண்டு பசியாற்றாதீர்கள். நாள்தோறும் இருபது நிமிடம் வெளிச்சத்தில் நடந்து வந்தால் இரவு உறக்கம் எளிதாகும்.

நெஞ்சுவலி, படுத்திருக்கும்போதே மூச்சுத்திணறல், மயக்கம், கறுத்த மலம் ஆகியவை தோன்றினால் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். எதிலும் நாட்டமின்மையும் காரணமற்ற அழுகையும் இரண்டு வாரம் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருந்தும் ஆலோசனையும் அதைக் குணப்படுத்தும். வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் எழுந்தால் அன்றே எவரிடமேனும் சொல்லுங்கள். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம்.

அந்த அம்மையாருக்கு மாதவிடாயின்போது மிகுதியாக இரத்தம் வெளியேறியதே காரணம் என மகப்பேறு மருத்துவர் கண்டறிந்தார். அதற்கான சிகிச்சையுடன் இரும்புச்சத்து மாத்திரையும் தொடங்கினோம். உணவோடு தேநீர் அருந்தினால் இரும்புச்சத்து சரியாக உட்கிரகிக்கப்படாது என்பதால், மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடச் சொன்னோம். அளவு சரியான பின்னும் சேமிப்பு நிரம்ப மூன்று மாதம் மாத்திரை தொடர வேண்டும். கணவரின் அட்டையோடு இப்போது அவரது அட்டையும் அதே பையில் இருக்கிறது. அடுத்த முறை வரும்போது நீங்களும் உங்கள் பெயரில் ஒரு சீட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.