மதில் கல்லுக்கு எவ்வளவு அளவு பிசகலாம்?

தோட்டத்து மதிலுக்கென்று லோரியில் வந்து இறங்கிய கருங்கல்லை அளந்து பார்த்தவர்கள், ஒன்றைப்போல் இன்னொன்று இல்லையே என்று குறைபட்டுக்கொள்வார்கள். இருக்காதுதான். செங்கல் அச்சில் பிறப்பது. கருங்கல்லோ பாறையைப் பிளந்து எடுப்பது. வரிசையாகத் துளையிட்டு, துளைக்கொரு இரும்பு ஆப்பு இறக்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மாற்றி மாற்றித் தட்டுவார்கள். தட்டத் தட்டச் சத்தம் மாறும். பிறகு பாறை விட்டுக்கொடுக்கும். துளைகள் நேராக இருந்தாலும் விரிசல் கல்லின் போக்கில் கொஞ்சம் விலகித்தான் ஓடும்.

எவ்வளவு விலகலாம் என்பதை அந்தக் கல் பார்க்கப்போகும் வேலைதான் முடிவுசெய்யும். ஜொகூர் நீரிணையில் இருக்கும் புலாவ் உபின் தீவின் கருங்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 1850-51இல் பத்து பூத்தே பாறைமேல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் எழுந்தது அந்தக் கல்லில்தான். அலை மோதும் கோபுரம். ஒவ்வொரு கல்லையும் அளவெடுத்துச் செதுக்கியாக வேண்டும். 1919இல் தொடங்கி 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்துக்கும் அங்கிருந்து கல் போனது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான அந்தப் பாதைக்காகக் கடலில் கொட்டிய கல்லுக்கு யார் அளவு பார்ப்பார்கள்?

தோட்டத்து மதில் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இந்திய மத்தியப் பொதுப்பணித் துறையின் கணக்கில், ஒழுங்கில்லாத கல்லால் கட்டும் சுவரின் முகப்பில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே 20 மில்லிமீட்டர்வரை சாந்து இருக்கலாம். முதல் தர வரிசைக் கட்டில் 10. நன்றாகச் செதுக்கிய கல்லென்றால் 5தான்.

இதில் நீளத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். நீளம் கூடிக் குறைந்திருந்தால் மேல்வரிசை இணைப்பும் கீழ்வரிசை இணைப்பும் ஒரே கோட்டில் விழாது. சுவருக்கு அது நல்லதுதான். உயரம் அப்படியல்ல. ஒரே வரிசையில் ஒரு கல் 30 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால், கொத்தனார் அந்தப் பள்ளத்தைச் சாந்தும் சில்லும் போட்டு நிரப்பிவிடுவார். பார்வைக்குச் சரியாகத்தான் தெரியும். ஆனால் சாந்து தடித்த இடம் காயும்போது சுருங்கி வெடிக்கும். ஆண்டுக் கடைசி மழை அதன் வழியே உள்ளே இறங்கும்.

கல் வந்ததும் உயரத்தைப் பார்த்து மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள், உயரமானவை அடிவரிசைக்கு. "இயற்கைக் கல் என்றால் அப்படித்தான்" என்று கடைக்காரர் சொன்னால், நீளத்துக்கு ஒத்துக்கொள்ளுங்கள். உயரத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.