எவரெஸ்டில் தன்னந்தனியாக!

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிக்குப் போகிறவர்கள் கலியுக வரதராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்பி விடுவார்கள். பக்கத்திலே வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக் கல்லை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அந்தக் கல்லில் கடல் சிப்பிகள் புதைந்து கிடக்கின்றன! சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்த இடம் கடலாக இருந்தது.

இதைப் போலவே கடலில் உண்டான சுண்ணாம்புக் கல்தான் எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியிலும் பனிக்கு அடியில் இருக்கிறது. அது இன்னும் பழைய கல். உயரம் 29,032 அடி.

கல்லங்குறிச்சிக் கல்லை லாரியில் ஏற்றிச் சிமெண்டு செய்கிறார்கள். எவரெஸ்ட் கல்லின்மேல் கால் வைப்பதற்கோ, உயிரைப் பணயம் வைக்க வேண்டும்.

ஒரே ஒரு பை

1953-ல் டென்சிங்கும் ஹில்லாரியும் ஏறியபோது, அந்தக் கோஷ்டிக்கு மூட்டை தூக்க 300-க்கு மேற்பட்ட கூலிகள் வந்தார்கள். 1980-ல் ஒருவர் தன்னந்தனியாகப் புறப்பட்டார். அவர் பெயர் மெஸ்னர். இத்தாலி நாட்டுக்காரர். அப்போது வயது 35.

முதுகிலே ஒரு பை. அதற்குள் சிறு கூடாரம், படுக்கை, அடுப்பு, கொஞ்சம் சாப்பாடு. உச்சியில் காற்று தரையில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். அப்படியும் அவர் பிராணவாயு கொண்டு போகவில்லை.

மலை அவருக்குப் புதிது அல்ல. 1970-ல் நங்க பர்வதத்தில் தம்பியைப் பறிகொடுத்தவர். அந்தப் பனியில் கால் விரல்களையும் இழந்தவர். அப்படிப்பட்டவர் மறுபடி மலைக்குப் போனால் பெற்ற தாயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்?

இருட்டில் விழுந்தார்

ஆகஸ்டு 18. விடியுமுன் நடக்கத் தொடங்கினார். திடீரென்று காலடியில் பனி உடைந்தது. சுமார் 25 அடி ஆழத்துப் பிளவில் விழுந்தார்! நெற்றி விளக்கு அணைந்தது. ஒரே இருட்டு. கூப்பிட்டால் கேட்க ஆள் இல்லை. கயிறும் இல்லை.

“இதிலிருந்து தப்பினால் திரும்பிப் போய்விடுவேன்” என்று மனத்துக்குள் உறுதி செய்துகொண்டார்.

தட்டுத் தடுமாறி, பனிச்சுவரில் ஒரு வழி கண்டுபிடித்து வெளியே வந்தார். வந்தது பிளவின் கீழ்க்கரைக்கு. வீட்டுக்குப் போகும் வழி அதுதான். ஆனால் அவர் என்ன செய்தார்? அதே பிளவைத் தாண்டி மேலே ஏறினார்! நம் ஊரில் பிரசவ வைராக்கியம் என்பார்களே, அந்தக் கதைதான்.

கூட வந்தது யார்?

அன்று இரவு 25,600 அடியில் தங்கினார். மறுநாள் சுமார் 27,000 அடி. பனியை உருக்கித்தான் தண்ணீர் குடிக்க வேண்டும். அதற்கே மணிக்கணக்கில் ஆகும். பக்கத்திலே யாரோ உட்கார்ந்திருப்பது போலவும், கூடவே வருவது போலவும் தோன்றியதாம். அந்த ஆளோடு பேசவும் செய்தாராம்! மூச்சுக்குக் காற்றுப் போதாத இடத்தில் மூளை இப்படியெல்லாம் காட்டும்.

மூன்றாம் நாள் பையையும் கூடாரத்திலேயே விட்டுவிட்டு, பனிக்கோடரியும் காமிராவுமாக ஏறினார். பிற்பகல் 3 மணி அளவில் உச்சி வந்தது. சுற்றிலும் மேகம், எதுவும் தெரியவில்லை. 1975-ல் சீனர்கள் நட்ட முக்காலி மட்டும் பனிக்கு வெளியே தலைகாட்டியது. அதைப் பார்த்துத்தான் இது உச்சி என்று நிச்சயம் செய்துகொண்டார்.

படம் எடுத்தார். சற்று உட்கார்ந்தார். இறங்கினார்.

மறுநாள் தள்ளாடித் தள்ளாடி அடிவாரத்து முகாமுக்கு வந்து சேர்ந்தார். வரவேற்க மேளமும் இல்லை, மாலையும் இல்லை. காத்திருந்தவர் ஒரே ஒரு தோழிதான்.