வட்டி ஏறுமா, இறங்குமா?

புனேயில் கடன்பெற்று வீடு வாங்கிய மகனும், பாளையங்கோட்டையில் சேமிப்பின் வட்டியைக் கொண்டு காலந்தள்ளும் தகப்பனாரும் ஒரே மாலையில் ஒரே செய்தியைக் கேட்கின்றனர். ரிசர்வ் பாங்கு வட்டி விகிதத்தைக் குறைத்துவிட்டது என்பதே அச்செய்தி. மகன் மகிழ்கிறான், தகப்பனார் கவலை கொள்கிறார். பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் இது புதிய காட்சியன்று.

பாங்குகள் அரசாங்கப் பத்திரங்களை ஈடாக வைத்து ரிசர்வ் பாங்கிடம் குறுகிய காலக் கடன் பெறுகின்றன. அக்கடனுக்குரிய வட்டியே ரிப்போ விகிதம். 2016-ஆம் ஆண்டிலிருந்து அறுவர் அடங்கிய குழு ஒன்று இதனை நிர்ணயித்து வருகின்றது. விலைவாசி ஆண்டுக்கு 4 சதவிகித அளவுக்கு மேல் ஏறாது காப்பது அக்குழுவின் குறிக்கோள். இருபுறமும் 2 சதவிகிதம் வரை விலக இடமுண்டு. ஆனால் விலைவாசி செல்லும் திசையை முன்கூட்டி அறிந்தவர் எவருமிலர். குழுவினரும் இதற்கு விலக்கல்லர். 2020 மே மாதம் முதல் 4 சதவிகிதத்தில் அசையாதிருந்த விகிதம், 2022 மே 4-ஆம் தேதி, குழு தன் வழக்கமான முறையின்றிக் கூடியதன் விளைவாக, 4.40 ஆயிற்று. ஒன்பதே மாதங்களில் ஆறு முறை உயர்ந்து 6.50-ஐ எட்டியது. ஈராண்டுக் காலம் அங்கேயே நின்றபின், 2025-இல் நான்கு முறை குறைந்து டிசம்பரில் 5.25-க்கு இறங்கிற்று.

இந்த ஏற்றம் குடும்பத்தை எவ்வாறு தொடுகின்றது? 30 இலட்ச ரூபாயை 20 ஆண்டுக் கெடுவில் 7 சதவிகித வட்டிக்குப் பெற்றவருக்கு மாதத் தவணை ஏறத்தாழ 23,260 ரூபாய். வட்டி 9.5 சதவிகிதமானால் தவணை 27,960 ரூபாய். மாதந்தோறும் 4,700 ரூபாய்க்கு எங்கே போவது? தவணை கூட வேண்டாம், கெடு நீளட்டும் என்று பலர் வாளாவிருந்துவிட்டனர். இதிலுள்ள அபாயம் எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. அத்தொகைக்கு 9.5 சதவிகிதத்தில் ஒரு மாத வட்டி மட்டுமே 23,750 ரூபாய்! பழைய தவணை வட்டிக்கே போதவில்லை; அடைபட வேண்டிய அசல் வளரத் தொடங்கும்.

இதற்கு இடந்தரலாகாது என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்கு கட்டளையிட்டது. வட்டி மாறுகையில் தவணையை உயர்த்துவதா, கெடுவை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று கடன் பெற்றவரே தெரிவு செய்யலாம். அவ்வப்பாங்கின் விதிகளுக்கு உட்பட்டு, நிலையான வட்டிக்கு மாறவும் கேட்கலாம். கேட்பவர் சிலரே என்பதுதான் நமக்குள்ள குறை. பாங்கியிலிருந்து வரும் கடிதம் புரியாத மொழிநடையில் இருப்பதும் ஒரு காரணம் போலும்.

வட்டி இறங்கும் காலத்தில் தவணையையும் குறைத்துக்கொள்ள நாம் விரைகின்றோம். கைமுடை இல்லாதவர் பழைய தவணையையே தொடர்ந்து செலுத்துவாராயின் கெடு தானே சுருங்கும். அடுத்த ஏற்றம் வரும்போது அசல் குறைந்திருக்கும். மாறும் வட்டியில் தனிமனிதர் பெற்ற வீட்டுக்கடனை முன்னதாகச் செலுத்த அபராதமும் இல்லை.

தகப்பனாரின் நிலை வேறு. அவருடைய 10 இலட்ச ரூபாய் 7 சதவிகிதத்தில் ஆண்டுக்கு 70,000 தந்தது. 6 சதவிகிதமானால் 60,000. வைப்புக் கெடு முடியும்வரை பழைய வட்டிக்குக் குறைவில்லை. முடிகின்ற நாளில்தான் சோதனை. ஆகவே முழுத் தொகையையும் ஒரே நாளில் முதிரும்படி வையாது, ஐந்து பங்காக்கி, ஆண்டுக்கு ஒன்றாக முதிரச் செய்வது நன்று. எந்த ஆண்டு வட்டி வீழ்ந்தாலும் ஐந்தில் ஒரு பங்கே அகப்படும். அறுபது வயது கடந்தோருக்கான அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில், கணக்குத் தொடங்கிய நாளின் வட்டி ஐந்தாண்டுக்கு மாறுவதில்லை. வட்டி குறைந்த காலத்தில் மாதம் இரண்டு ரூபாய் வட்டி தருவதாகக் கூறி வருவோரிடம் முதலையே இழந்தவர் கதைகள் தமிழர் வாழும் எல்லா நகரங்களிலும் உண்டு.

மகனும் தகப்பனாரும் தனித்தனியே கணக்குப் பார்ப்பதுதான் நமக்கு வியப்பளிக்கின்றது. வட்டி இறங்கினால் மகனுக்கு மிச்சம். ஏறினால் தகப்பனாருக்கு வரவு. புனேயில் குறைந்த தவணையில் ஒரு பகுதி பாளையங்கோட்டைக்குச் செல்லுமாயின், அங்கே குறைந்த வட்டி ஈடாகிவிடும். ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசிப் பேச்சில் தேங்காய் விலைக்குப்பின் இதையும் பேசலாம். பணக்கொள்கைக் குழு கூடும் நாட்களை ரிசர்வ் பாங்கு முன்னதாகவே வெளியிடுகின்றது. வீட்டு நாள்காட்டியில் குறித்து வைக்க அவை ஆண்டுக்கு ஆறு கூட்டங்களே.