வேகம் கேபிளிலா, டிஸ்க்கிலா?

திருப்பூர் போன்ற பின்னலாடை ஊர்களில் பிளாப்பி காலத்து எம்பிராய்டரி மெஷின்கள் இன்னும் ஓய்வு பெற்றுவிடவில்லை. பிளாப்பி சொருகிய இடத்தில் பென்டிரைவ் சொருகும் சிறு பெட்டியைப் பொருத்தி ஓட்டுகிறார்கள். இதனால் வேலை வேகமாகிவிடுமா? டிஎஸ்டி வகை டிசைன் கோப்பில் ஒரு தையலுக்கு 3 பைட். 10,000 தையல் உள்ள ஒரு லோகோ சுமார் 30 கிலோபைட்தான். பழைய பிளாப்பியே அதை ஓரிரு நொடிகளில் படித்துவிடும். ஊசி நிமிடத்துக்கு 800 தையல் போட்டால் அந்த லோகோ முடிய பன்னிரண்டரை நிமிடம் ஆகும். பென்டிரைவால் அடிக்கடி கெட்டுப்போகும் பிளாப்பியின் தொல்லை ஒழிந்தது. பீஸ் இறங்கும் நேரம் குறையவில்லை.

அலுவலகக் கம்ப்யூட்டரிலும் இதே கணக்குதான்.

ஹார்டு டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் வழிக்கு ஒரு காலத்தில் ஐடிஇ என்று பெயர். பட்டையான கேபிளில் நொடிக்கு 100, 133 மெகாபைட் வரை போகும். 2003 வாக்கில் சாட்டா சந்தைக்கு வந்தது, 150 மெகாபைட் திறனோடு. பிறகு 300 ஆனது, 2009-இல் 600. பெட்டியின் மேல் அச்சிட்ட எண் ஒவ்வொரு முறையும் இரட்டித்தது. ஆனால் சாட்டா வந்தபோது டிஸ்க்குகள் நொடிக்கு 50, 60 மெகாபைட்டைத் தாண்டவே திணறின. இன்றைய நல்ல ஹார்டு டிஸ்க்கும் 200-ஐ ஒட்டியே நிற்கிறது. 300-ஐயே நிரப்பாத டிஸ்க்குக்கு 600 எதற்கு?

அதுவும் ஒரே பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது கிடைக்கும் வேகம். விண்டோஸ் திறப்பதும் கணக்கு மென்பொருள் ஓடுவதும் அப்படியல்ல. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய துணுக்குகளைத் தேடிப் படிக்க வேண்டும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் தட்டில், வேண்டிய இடம் வந்து சேரச் சராசரியாக 4 மில்லிநொடி ஆகும். படிக்கும் கை நகர்வதற்கு இன்னும் 8, 9 மில்லிநொடி. ஆக நொடிக்கு 80 தேடல்கூடத் தேறாது. ஒரு தேடலுக்கு 4 கிலோபைட் என்றால் நொடிக்கு 300 கிலோபைட் சொச்சம். 600 மெகாபைட் போகக்கூடிய கேபிளில் அது ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். டையிங்கில் துணி தேங்கி நிற்கும்போது நிட்டிங் யூனிட்டிலிருந்து வரும் சாலையை நான்கு வழியாக்கினால் ஆர்டர் முன்கூட்டியே முடிந்துவிடாது.

நிலைமையை மாற்றியது எஸ்எஸ்டி. தட்டும் கையும் இல்லாத சிப்பில், தேடும் நேரம் சுமார் 0.1 மில்லிநொடிக்கு இறங்கியது. 300 மெகாபைட் சாட்டா மட்டுமே உள்ள பழைய கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி போட்டால் காசு வீண் என்று சிலர் தயங்குகிறார்கள். தொடர் வேகத்தில் பாதி போகும் என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொன்றாகத் தேடிப் படிக்கும் வேலையில் சாட்டா எஸ்எஸ்டி எட்டுவது நொடிக்கு 30, 40 மெகாபைட். அதற்குப் பழைய இணைப்பே தாராளம்.

சிப்பு வேகமெடுத்ததும் சாட்டாதான் முட்டுக்கட்டையானது. அதற்காக 2011-இல் என்விஎம்இ என்ற புதிய நெறிமுறை வந்தது. சாட்டா ஒரே வரிசையில் 32 கட்டளைகளை நிறுத்தும். என்விஎம்இ 64,000-க்கும் மேற்பட்ட வரிசைகளுக்கு இடம் தருகிறது. நொடிக்கு 3,500 மெகாபைட், அதற்கு மேலும் படிக்கும் டிரைவ்கள் இன்று சாதாரணம்.

பிரிண்டிங் டிசைன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 50 செ.மீ. சதுரம், அங்குலத்துக்கு 300 புள்ளி, நான்கு வண்ணம்: ஒரு லேயரே 140 மெகாபைட். பத்து லேயர் என்றால் 1.4 ஜிபி. அதைப் படிக்க ஹார்டு டிஸ்க்குக்கு ஏழு நொடியாவது ஆகும், சாட்டா எஸ்எஸ்டிக்கு மூன்று நொடி, என்விஎம்இக்கு அரை நொடிக்கும் குறைவு. காகிதத்தில் கணக்கு இப்படி. ஆனால் கோப்பைப் பிரித்து லேயர்களை அடுக்கும் வேலை பிராசஸருடையது. அதனால் முதல் மாற்றம் கண்ணுக்குத் தெரியும்; இரண்டாவது அவ்வளவாகத் தெரியாது.

இணைப்பை மட்டும் மாற்றியே பலன் காணும் இடமும் உண்டு: பேக்கப் எடுக்கும் வெளி ஹார்டு டிஸ்க். யுஎஸ்பி 2.0 வழியாக நொடிக்கு 35 மெகாபைட் போனால் 100 ஜிபிக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். யுஎஸ்பி 3.0 டிஸ்க்கை இன்னும் பழைய போர்ட்டிலேயே சொருகிவந்தால், நீல நிறப் போர்ட்டுக்கு மாற்றினால் போதும். நொடிக்கு 120 மெகாபைட் கிடைத்தால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

டாலி டேட்டாவை ஒரு கம்ப்யூட்டரில் வைத்து மற்றவற்றிலிருந்து திறக்கும் எக்ஸ்போர்ட் அலுவலகத்தில் பார்க்க வேண்டியது வேறொன்று. 100 மெகாபிட் ஸ்விட்ச் வழியாக நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் எதுவும் போகாது. சர்வரில் எவ்வளவு வேகமான என்விஎம்இ இருந்தாலும் பக்கத்து மேசைக்கு எட்டுவது அவ்வளவுதான். அங்கே முதலில் கழற்ற வேண்டியது அந்த ஸ்விட்ச்சை. ஜிகாபிட் ஸ்விட்ச்சும் அதற்கேற்ற கேபிளும் போட்டால் அந்த வரம்பு 125 மெகாபைட்டாகும்.