உடலை அளந்து செய்த ஓடம்

காரைக்காலுக்குத் தெற்கே, நாகூரை அடுத்து அமைந்த கடலோரச் சிற்றூர் கீழவாஞ்சூர். பெருங்கப்பல்கள் வந்து நிற்கும் துறைமுகம் இன்று அங்கே இருக்கிறது. அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இக்கரையின் கலமாக விளங்கியது கட்டுமரம். ஆணி அறையாமல், கனமற்ற மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து அதனை அமைப்பர். மேலே ஏறும் அலைநீர் கட்டைகளின் இடுக்கு வழியே வழிந்துவிடும். 1697ஆம் ஆண்டு வெளிவந்த தம் பயண நூலில், ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைக் குறிப்பிடுகிறார். ஒருவரை மட்டுமே தாங்கும் சிறு கட்டுமரத்தில் செல்பவரின் கால்கள் எப்போதும் நீரிலேயே இருப்பதாக அவர் எழுதினார்.

இக்கரை மீனவர்கள் கடலின் ஆழத்தையும் கயிற்றின் நீளத்தையும் ‘பாகம்’ என்னும் அளவால் குறிப்பர். இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் ஒரு கையின் விரல்நுனியிலிருந்து மறு கையின் விரல்நுனி வரை உள்ள நீளமே ஒரு பாகம். விரல், சாண், முழம் ஆகியனவும் உடலிலிருந்து பிறந்த அளவுகளே. பூ வாங்கும்போது, நீண்ட கையுடைய பூக்காரரைத் தேடிச் செல்லும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. ஆளுக்கு ஆள் மாறுவது இவ்வளவுகளின் குறை என்று அறிவியல் பாடத்தில் கற்கிறோம். ஆனால், ஒருவர் மட்டுமே பயன்படுத்தும் பொருளைச் செய்யும்போது அந்த மாறுபாடுதான் வேண்டப்படுகிறது. இதற்குச் சிறந்த சான்று, பனி உறையும் வடகடலில் இனுயிட் மக்கள் செலுத்திய தோல்படகாகிய கயாக்.

தோல் போர்த்த கலங்கள்

தோல்படகு தமிழர்க்குப் புதியதன்று. காரைக்கால் பகுதியில் கடலைச் சேரும் காவிரியின் நீரிலேயே, மேற்கே ஒகேனக்கல்லில் பரிசல் ஓடுகிறது. மூங்கில் தப்பைகளைப் பின்னிக் கூடையாக்கி, அதன் வெளிப்புறத்தில் எருமைத்தோல் போர்த்துவது பழைய முறை. இப்போது தோலுக்கு மாற்றாக நெகிழித்தாளும் தாரும் வந்துவிட்டன. பரிசல் வட்டமானது, யார் வேண்டுமானாலும் ஏறி அமரலாம். கயாக் அவ்வாறானதன்று. அதில் ஒருவரே அமர முடியும்; அவரும் அப்படகு யாருக்காகச் செய்யப்பட்டதோ அவராக இருத்தல் வேண்டும்.

கிரீன்லாந்தின் கரைகளில் படகு செய்யத்தக்க மரங்கள் வளர்வதில்லை. சைபீரிய ஆறுகள் அடித்துவரும் மரங்களைக் கடல்நீரோட்டமும் பனிப்பாளங்களும் அங்கே கொண்டு சேர்த்தன. கரை ஒதுங்கிய அந்த மரத்தைக் கொண்டே சட்டகம் அமைத்தனர். அதன் அளவுகளை நம் சொற்களில் எளிதாகக் கூறிவிடலாம். படகின் நீளம் ஏறத்தாழ மூன்று பாகம். அகலம், அமர்பவரின் இடுப்பகலத்தோடு இரு கைப்பிடி. துடுப்பின் நீளம் ஒரு பாகமும் ஒரு முழமும். உயரமும் கைப்பிடியையும் விரித்த கட்டைவிரலையும் கொண்டே அளக்கப்பட்டது. கைவிரிப்பு 170 செ.மீ. உடைய ஒருவருக்குப் படகு 5 மீட்டருக்குச் சற்று மிகுதியாகவும், துடுப்பு 2 மீட்டருக்குச் சற்று மிகுதியாகவும் அமையும். ஊருக்கு ஊர் இக்கணக்கு வேறுபட்டது. அளவுகோல் உடல் என்பது மட்டும் மாறவில்லை.

இருபுறமும் இரு நீண்ட சட்டங்கள். அவற்றின் துளைகளில் பொருந்துமாறு நீராவியில் பதப்படுத்தி வளைத்த விலா எலும்பு போன்ற வளைவுகள். மூட்டுகளை மரமுளையாலும் கட்டாலும் இறுக்கினர். அமர்பவரின் தொடைகளுக்குச் சற்று மேலே வில்லாக வளைந்து செல்லும் குறுக்குக்கட்டைக்கு ‘மாசிக்’ என்று பெயர். படகில் மிகக் கவனமாக அளக்கப்படுவது இதுவே. இது தாழ்ந்தால் கால் நுழையாது. உயர்ந்தால் தொடைக்குப் பிடிமானம் இராது.

அதன்பின் வேலை பெண்களின் கைக்குச் சென்றது. பதப்படுத்திய கடல்நாய்த் தோலை ஈரமாகவே சட்டகத்தின்மேல் இழுத்துப் போர்த்தி, விலங்கின் தசைநாணிலிருந்து எடுத்த நூலால் தைத்தனர். ஊசி தோலை முழுமையாகத் துளைக்காமல் பாதித் தடிமனிலேயே நுழைந்து வெளிவரும். ஆதலால் தையல் வழியே நீர் கசியாது. தோல் உலர உலர முரசின் முகம்போல் இறுகும். நூல்களில் படகு செய்தவர்களாக ஆண்களே பெரிதும் பேசப்படுகின்றனர்; கடலில் உயிரைக் காத்ததோ இந்தத் தையல்.

கவிழ்ந்தால் நிமிரும் கலை

இவ்வளவு இறுக்கமாக உடலோடு பொருத்துவதற்குக் காரணம் உண்டு. அக்கடலின் குளிர்நீரில் விழுந்தவர் நெடுநேரம் உயிர்தாங்க இயலாது. எனவே, படகு கவிழ்ந்தாலும் அதைவிட்டு வெளியேறாமல், தலைகீழாகத் தொங்கும் நிலையிலேயே துடுப்பை வீசி, இடுப்பைத் திருப்பி மீண்டும் நிமிர வேண்டும். தொடை மாசிக்கில் அழுந்தியிருந்தால்தான் உடலின் திருப்பம் படகுக்குச் செல்லும். அணிந்திருக்கும் தோற்சட்டையின் விளிம்பை அமர்குழியின் வளையத்தில் இறுக்கிக் கட்டிவிடுவதால் உள்ளே நீர் புகாது. இரவல் படகில் இவ்வளவும் நடக்கும் என்று நம்ப முடியாது.

அளவும் அச்சும்

1959ஆம் ஆண்டு, கென் டெய்லர் என்னும் ஸ்காட்லாந்து மாணவர் மேற்குக் கிரீன்லாந்தின் இல்லோர்சூட் என்னும் ஊருக்குச் சென்றார். அவருக்காக இம்மானுவேல் கோர்னேலியுசென் என்னும் உள்ளூர்க் கைவினைஞர் ஒரு கயாக் செய்து கொடுத்தார். பின்னர் அதன் அளவுகள் வரைபடமாயின. அந்த வடிவத்தை அடியொற்றிக் கண்ணாடியிழைப் படகுகள் வார்க்கப்பட்டு உலகெங்கும் சென்றன. ஒருவருக்கென்று அமைந்த படகின் வழிவந்தவற்றில் முன்பின் அறியாத பலர் அமர்ந்தனர். பொருந்தாத இடங்களில் பஞ்சணை வைத்து நிரப்பிக்கொள்கின்றனர்.

நம் கரையும் அச்சில் வார்த்த படகை அறியும். முன்பே வரத்தொடங்கியிருந்த கண்ணாடியிழைப் படகுகள் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் பெருகின, கட்டுமரங்கள் குறைந்தன. இதை இழப்பென்று மட்டும் கூறுவது நேர்மையாகாது. இழந்த கலங்களுக்கு ஈடாக விரைந்து படகுகள் தேவைப்பட்டன. பொறி பூட்டிய புதிய படகு தொலைவு செல்லும், மிகுதியான வலை ஏற்றும்.

ஆயினும், அச்சில் வார்த்த உடலை அவிழ்க்க முடியாது. கட்டுமரத்தைக் கரையேற்றியதும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளை மணலில் பிரித்துப்போட்டு உலர்த்துவர். நீர் ஊறிய கட்டை கனக்கும் அல்லவா? மறுமுறை கட்டும்போது இறுக்கத்தைச் சரிசெய்துகொள்ளலாம். கயாக்கின் தோலையும் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை உரித்துப் புதிய தோல் போர்த்தினர். அப்போது வெளித்தெரியும் சட்டகத்தில் தளர்ந்த கட்டுகளை மாற்றி, உடைந்த வளைவை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினர்.