உறைந்த ஏரியில் மீன் பிடிக்க: எத்தனை முறை, எவ்வளவு தூரம்?

தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவர்களுக்குப் புயல் எச்சரிக்கைக் கூண்டு தெரியாமல் இருக்காது. துறைமுகத்தில் கூண்டு ஏறிவிட்டால், கடலுக்குப் போவதா வேண்டாமா என்று யாரும் திண்ணையில் உட்கார்ந்து யோசிப்பதில்லை. படகைக் கரையேற்றிவிட்டு வலையைச் செப்பனிட உட்கார்ந்து விடுவார்கள். முடிவெடுக்கும் பொறுப்பை அந்தக் கூண்டே ஏற்றுக்கொண்டு விடுகிறது.

தில்லியில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டிய பிறகு அந்தக் கூண்டு எனக்கு மறுபடி நினைவுக்கு வந்த இடம், அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் உறைந்து கிடந்த ஓர் ஏரி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலம் முழுவதும் மினியாபொலிஸ் நகரில் பெண் வீட்டில் தங்கியிருந்தேன். அந்த வருடம்தான் மாப்பிள்ளைக்கு, பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கும் பைத்தியம் பிடித்திருந்தது. நம் வாசகர்களிலும் பலருடைய பிள்ளைகள் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். அவர்களும் என்றாவது ஒரு சனிக்கிழமை தொலைபேசியில், "அப்பா, நாளைக்கு ஏரிக்குப் போகிறோம்" என்று சொல்லக்கூடும். அப்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பது நல்லது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

ஏரி எப்படி உறைகிறது?

மினசோட்டாவில் பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மட்டும் 11,842 இருக்கின்றன. நவம்பரிலிருந்து இவை ஒவ்வொன்றாக உறையத் தொடங்கும். தண்ணீருக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. 4 டிகிரி செல்சியஸில் அது மிகக் கனமாக இருக்கிறது. அதற்கும் கீழே குளிர்ந்தால் லேசாகிவிடுகிறது. ஆகவே 4 டிகிரித் தண்ணீர் அடியில் தங்க, மேல்பரப்பு மட்டும் உறைந்து மூடி போட்டுக்கொள்கிறது. மூடிக்குக் கீழே மீன்கள் உயிரோடு, சற்றே மந்தமாகத் திரிந்துகொண்டிருக்கும். மேலே நிற்பவர்கள் ஆறிலிருந்து பத்து அங்குல அகலத்தில் துளை போட்டு, முழ நீளத் தூண்டிலைக் கீழே விட்டுக் காத்திருக்கிறார்கள். குளிர் தாங்காதவர்கள் துளையின் மேல் கூடாரம் அடித்துக்கொள்வார்கள். வசதியுள்ளவர்கள் சக்கரம் வைத்த மரவீட்டையே காரில் கட்டி இழுத்து வருவார்கள்.

மூடி எவ்வளவு தடிமன் என்பதுதான் எல்லாமே. அம்மாநில இயற்கை வளத்துறை சொல்லும் கணக்கு இது: மனிதர் நடக்க 4 அங்குலம், ஸ்னோமொபைலுக்கு 5 முதல் 7, சிறிய காருக்கு 9 முதல் 10, நடுத்தர டிரக்குக்கு 13. இதுவும் புதிதாக உறைந்த, தெளிவான பனிக்கட்டிக்குத்தான். பால்போல் வெளுத்த பனிக்கட்டிக்குப் பாதி பலமே உண்டு. ஆகவே தடிமன் இரண்டு மடங்கு வேண்டும். முழுக்கப் பத்திரமான பனிக்கட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்பதையும் அத்துறையே சொல்லிவிடுகிறது.

இந்தத் தடிமன் ஏரி முழுவதும் ஒரே சீராகவும் இருப்பதில்லை. மேலே விழுந்த பனி கம்பளிபோல் மூடிக்கொண்டால் அடியில் பனிக்கட்டி மெதுவாகவே வளரும். ஊற்றுள்ள இடம், ஓடை வந்து சேரும் இடம், பாலத்தின் அடி, இரண்டு ஏரிகளை இணைக்கும் கால்வாய், இவையெல்லாம் மெலிந்தே இருக்கும். ஆகவே கரையோரம் ஓர் இடத்தில் அளந்துவிட்டு நடந்துவிட முடியாது. 150 அடிக்கு ஒருமுறையாவது அளக்க வேண்டும். அளக்க உதவும் கருவி வேறொன்றுமில்லை, நம் ஊர்க் கடப்பாரைதான். முன்னால் குத்திக்கொண்டே நடப்பார்கள்.

பக்கம், நடு, தூரம்

மாப்பிள்ளை வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பெரியவர் ஐம்பது வருடமாக இந்த வித்தையில் ஊறியவர். அவர் ஏரிகளை மூன்று வட்டமாகப் பிரித்து வைத்திருந்தார்.

முதல் வட்டம், வீட்டிலிருந்து அரைமணிக்குள் போகக்கூடியவை. மெடிசின் லேக், மினடோங்கா போன்ற ஏரிகள். போக வர ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகாது. இரண்டாவது வட்டம், மில் லாக்ஸ் ஏரி. வடக்கே சுமார் 160 கிலோமீட்டர், இரண்டு மணிப் பயணம். மூன்றாவது வட்டம், கனடா எல்லையில் இருக்கும் லேக் ஆஃப் த வுட்ஸ். அதன் அருகிலுள்ள பொடெட் ஊருக்குச் சுமார் 440 கிலோமீட்டர். நல்ல நாளிலேயே ஐந்து மணி நேரம் ஆகும். பனி பெய்தால் எவ்வளவு என்று சொல்ல முடியாது.

லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் ஓடும் வண்டி என்று வைத்துக்கொண்டால், போக வர முதல் வட்டத்துக்கு 5 லிட்டர், இரண்டாவதற்கு 32, மூன்றாவதற்கு 88 லிட்டர் பெட்ரோல். பெட்ரோலை விடப் பெரிய செலவு நேரம். அங்கே எல்லோரும் தேடும் மீனுக்கு 'வால்ஐ' என்று பெயர். மங்கிய வெளிச்சத்தில் நன்றாகக் கண் தெரியும் மீன் அது. ஆகையால் விடியற்காலையிலும் அந்தியிலும்தான் அதிகம் இரை எடுக்கும். டிசம்பரில் மினியாபொலிஸில் மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. அலுவலகத்திலிருந்து சற்று முன்னதாகக் கிளம்பினால் பக்கத்து ஏரியில் அந்த முக்கியமான நேரத்தைப் பிடித்துவிடலாம். ஒரு மணிப் பயணத்துக்கு இரண்டு மணி மீன்பிடிப்பு. மில் லாக்ஸுக்குப் போனால் விடியலும் அந்தியும் இரண்டும் கிடைக்கும்படி ஒரு முழுநாள் வேண்டும். லேக் ஆஃப் த வுட்ஸுக்கு இரண்டு இரவாவது தங்காவிட்டால், சாலையைப் பார்த்துவிட்டுத் திரும்பியதாகத்தான் கணக்கு.

தூரம் போனால் நிறைய மீன் கிடைக்கும் என்பதும் பாதிதான் உண்மை. ஒருவர் எத்தனை மீன் எடுத்துச் செல்லலாம் என்பதற்குச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. 440 கிலோமீட்டர் வந்தவர் என்று சலுகை கிடையாது. மில் லாக்ஸில் மீன்வளத்தைக் காப்பதற்காகச் சில குளிர்காலங்களில் ஒருவருக்கு ஒரே ஒரு வால்ஐ, அதுவும் குறிப்பிட்ட நீளத்தில் இருந்தால் மட்டும், என்றுகூட வைத்திருந்தார்கள். விதிகள் ஏரிக்கு ஏரி, வருடத்துக்கு வருடம் மாறும். புறப்படும் முன் அந்த ஏரிக்கு அந்த வருடம் என்ன விதி என்று பார்க்காமல் வண்டியை எடுப்பது வீண்.

எத்தனை முறை?

மாப்பிள்ளையின் ஆசை ஒவ்வொரு சனிக்கிழமையும் வடக்கே போவது. "வாரத்துக்கு இரண்டு நாள் லீவு. அதில் ஒரு நாள் ஏரிக்கு, மறுநாள் அசதியில் தூக்கத்துக்கு. எங்களுக்கு எந்த நாள்?" என்று என் பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. நான் நடுவில் பேசவில்லை. அடுத்த வீட்டுப் பெரியவர்தான் ஒரு நாட்காட்டியை எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தார்.

அவர் போட்ட கணக்கு எளிமையானது. மினியாபொலிஸ் வட்டாரத்தில் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை என்று வைத்தால் பதினோரு வார இறுதிகள். வால்ஐ பிடிக்க அனுமதியும் பெரும்பாலான உள்நாட்டு ஏரிகளில் பிப்ரவரி கடைசியோடு முடிகிறது. பதினொன்றில் கிறிஸ்துமஸ் ஒன்று, தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழா ஒன்று, பனிப்புயலுக்கும் திடீர் வெப்பத்துக்கும் இரண்டு, பிள்ளைகளின் ஜலதோஷத்துக்கு ஒன்று கழித்தால் மீதி ஆறு. அந்த ஆறில் மூன்றை வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் மூன்று சனிக்கிழமைகள் ஏரிக்கு மிஞ்சும். வாரத்தில் ஒரு மாலை பக்கத்து ஏரி. ஜனவரியில் இரண்டு முறை மில் லாக்ஸ். வருடத்துக்கு ஒரே முறை வடக்கு எல்லை. இதுதான் அவர் வைத்த திட்டம்.

வடக்கு எல்லைப் பயணத்துக்கு மார்ச் முதல் பாதியைக் குறித்திருந்தார். காரணம் கேட்டேன். லேக் ஆஃப் த வுட்ஸ் எல்லை ஏரி என்பதால் அங்கே வால்ஐ பருவம் ஏப்ரல் நடு வரை நீள்கிறது. தெற்கே பருவம் முடிந்த பிறகும் அங்கே பிடிக்கலாம். பனிக்கட்டியும் வழக்கமாக அப்போது தடித்தே இருக்கும். பெரும்பாலோர் இதற்கு நேர் மாறாகச் செய்கிறார்கள் என்றார். வடக்கில்தான் ஏரிகள் முதலில் உறைகின்றன. ஆகையால் தூண்டிலைத் தொட்டுப் பல மாதம் ஆனவர்கள், டிசம்பர் தொடக்கத்திலேயே நெடுந்தூரம் வண்டி ஓட்டுகிறார்கள். அதாவது, பயணம் மிக நீளமாக இருக்கும்போது பனிக்கட்டி மிக மெலிதாக இருக்கிறது.

திரும்பி வந்த நாள்

திட்டத்தைக் கேட்டுக்கொண்ட மாப்பிள்ளைக்கு ஜனவரி வரை பொறுக்கவில்லை. டிசம்பரில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை நாலரைக்குப் பெரியவரையும், பேரனையும், என்னையும் ஏற்றிக்கொண்டு மில் லாக்ஸுக்குக் கிளம்பிவிட்டார். ஏழு மணிக்குக் கரையில் இருந்தோம். தொலைவில் இரண்டு கூடாரங்களின் விளக்குகள் தெரிந்தன.

பெரியவர் கடப்பாரையோடு முன்னால் போனார். முதல் துளையில் ஐந்து அங்குலம். ஐம்பது தப்படி தள்ளி நாலரை. மூன்றாவது துளையில் அளவுகோலை விட்டுப் பார்த்தவர் எங்களைக் கையமர்த்தி நிறுத்தினார். மூன்று அங்குலம்.

"அவர்கள் அவ்வளவு தூரம் போயிருக்கிறார்களே?" என்றார் மாப்பிள்ளை.

பெரியவர் அந்தக் கூடாரங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டார். "இந்த ஏரி உன் வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் இருந்திருந்தால் இப்போது என்ன செய்வாய்?"

"திரும்பிப் போவேன்."

"நீ இரண்டு மணி நேரம் கார் ஓட்டியதால் பனிக்கட்டி ஓர் அங்குலம்கூடத் தடித்துவிடவில்லை."

பேரன் அழுதான். மாப்பிள்ளை வழியெல்லாம் பேசவில்லை. எனக்கு மட்டும் அந்தக் கூண்டு ஞாபகம் வந்தது. கடலில் அரசாங்கம் கூண்டு ஏற்றுகிறது. அந்த ஏரியில் கூண்டு கிடையாது. ஒவ்வொருவரும் தனக்குத்தானே ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எவ்வளவு தூரம் பயணப்பட்டு வந்தோமோ அவ்வளவுக்கு அதை ஏற்ற மனம் வராது. பெட்ரோல் போட்டாகிவிட்டது, அறைக்குப் பணம் கட்டியாகிவிட்டது, லீவு எடுத்தாகிவிட்டது என்று மனம் காரணம் தேடும். தூரத்தின் உண்மையான விலை பெட்ரோல் அன்று. திரும்பி வரும் மனத்தை அது பிடுங்கிக்கொள்வதுதான்.

இது வெறும் பயமன்று. 2009 பிப்ரவரி 7 அன்று, மற்றொரு மாநிலமான ஒஹாயோவின் கரைக்கு அப்பால், ஈரி ஏரியில் பனிக்கட்டி பிளந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சிக்கிக்கொண்டார்கள், ஒருவர் இறந்தார். 2023 டிசம்பர் 29 அன்று மினசோட்டாவின் அப்பர் ரெட் லேக்கில் பனிக்கட்டித் தளம் கரையை விட்டுப் பிரிந்து மிதக்க, 122 பேரை மீட்க வேண்டி வந்தது. அந்த டிசம்பர் அங்கே வழக்கத்துக்கு மாறான வெப்பம். அப்பர் ரெட் லேக் ஆழமில்லாத ஏரி. பெரிய ஏரிகளில் முந்தி உறைவது. ஆகையால்தான் பருவத் தொடக்கத்தில் தெற்கிலிருந்து பலர் மணிக்கணக்கில் பயணம் செய்து அங்கே போகிறார்கள். தில்லியில் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் படித்தபோது பெரியவரின் கேள்விதான் காதில் ஒலித்தது.

முடிவை வீட்டிலேயே எடுப்பது

அதனால் அவர் மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த முறையைச் சுருக்கமாகத் தருகிறேன்.

எத்தனை அங்குலத்துக்குக் குறைந்தால் திரும்புவது என்பதைப் புறப்படும் முன் வீட்டில், எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட வேண்டும். ஏரிக்கரையில் அதை மாற்றக் கூடாது. தூரப் பயணத்துக்கு அறை பதிவு செய்யும்போது, பனிக்கட்டி சரியில்லாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா, தேதி மாற்றித் தருவார்களா என்று முதலில் கேட்க வேண்டும். மீன் பிடிக்காவிட்டாலும் குடும்பம் அந்த ஊரில் நாளைக் கழிக்க வேறு வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு வேலை இருந்தால் திரும்புவது சுலபம். தனியாகப் போகக் கூடாது. எந்த ஏரி, எந்தக் கரை, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று வீட்டில் எழுதி வைக்க வேண்டும். மிதவைச் சட்டையும், விழுந்தால் பனிக்கட்டியில் குத்தி ஏற உதவும் கைமுள்ளும் கழுத்தோடு இருக்க வேண்டும். கூடாரத்துக்குள் அடுப்பு எரித்தால் காற்றுப் போக வழி வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அங்கே பார்க்கப் போகும் நம்மைப் போன்றவர்களும் தூண்டிலைக் கையில் எடுப்பதானால் உரிமம் வாங்க வேண்டும்.

மறு வாரம் ஒரு புதன்கிழமை மாலை மாப்பிள்ளையும் பேரனும் பக்கத்து ஏரிக்குப் போனார்கள். அங்கே கரையோரத்தில் நாலு இடத்தில் அளந்து ஆறு அங்குலம் இருந்தது. நானும் போனேன். பேரன் ஒரு சாண் நீளத்தில் பெர்ச் மீன் ஒன்று பிடித்தான். ஏழரைக்கு எல்லோரும் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்த வருடம் என் பெண் ஏரியைப் பற்றி வேறு புகார் சொல்லவில்லை.

நான் இப்போது தில்லியிலிருந்து குளிர்காலத்தில் தொலைபேசியில் பேசும்போது, "பத்திரமாகப் போய்வாருங்கள்" என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. "எத்தனை அங்குலம் மாப்பிள்ளை? எத்தனை இடத்தில் அளந்தீர்கள்?" என்று கேட்கிறேன். உங்கள் பிள்ளைகளிடமும் கேட்டுப் பாருங்கள்.